பேசிக் வெர்ஷனில் அண்ணனுக்கு லீவு இல்லை

அந்த நட்சத்திரக் குறியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எள்ளளவு குறிதான். விற்பனைக்காரர் கொண்டுவந்த ஒப்பீட்டுத் தாளில், ‘பேசிக்’ என்று தலைப்பிட்ட பத்தியில், ‘நாள்காட்டி’ என்ற வரிக்கு நேராகப் பச்சை டிக் போட்டிருந்தது. அந்த டிக்கின் தோளில் கொசு மாதிரி ஒரு நட்சத்திரம். தாளின் அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் அதற்கு விளக்கம்: நிறுவனத்துக்குப் பொதுவான நாள்காட்டி மட்டும். அதாவது, ஆளுக்கு ஆள் தனி விடுமுறை குறிக்க முடியாது. இல்லாததை இல்லை என்று சொல்ல வக்கில்லாதவர்கள் டிக் போட்டு நட்சத்திரம் வைக்கிறார்கள்.

நான் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலைத் திட்டம் போடுகிறவள். வெறும் தளமாகக் கிடக்கும் கட்டடத்துக்குள் தடுப்பு, சீலிங், மின்சாரம், ஏசி எல்லாம் செய்து அதை ஆபீசாக்கிக் கொடுக்கும் கம்பெனி. எந்த வேலை முடிந்து எந்த வேலை தொடங்க வேண்டும், யார் எந்த சைட்டில் என்றைக்கு நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் அடுக்கிவைப்பது என் பிழைப்பு. சீலிங் மூடுவதற்கு முன்னால் ஒயர் இழுத்திருக்க வேண்டும். ஒயர் இழுப்பதற்கு முன்னால் குழாய் போட்டிருக்க வேண்டும். இதில் எது மாறினாலும் முதல் திட்டு எனக்குத்தான். திருப்பித் திட்டுவதில் நானும் குறை வைத்ததில்லை. கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து தினமும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிறவள் நான். “அக்கா வாயத் தொறந்துட்டாங்கன்னா ஒயிட்ஃபீல்டு வர்ற வரைக்கும் மூட மாட்டாங்க” என்று எங்கள் பெட்டியில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். வாய் இல்லாவிட்டால் அந்த ஊரில் நம்மை மேய்த்துவிடுவார்கள்.

பல வருஷமாக நான் வேலை செய்தது ஒரு பழைய வெர்ஷனில். என் மேசைக் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும். பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் சொன்னதைச் செய்யும். ஆளுக்கு ஒரு நாள்காட்டி அதில் உண்டு. எங்கள் கம்பெனியில் கேஜிஎஃப் ஆட்கள் ஏழெட்டுப் பேர். அவர்கள் ஒவ்வொருவர் நாள்காட்டியிலும் வருஷம் பிறந்ததும் நவம்பர் இரண்டாம் தேதியை நானே அடைத்துவைத்துவிடுவேன். அன்று கல்லறைத் திருநாள். அந்த நாளில் யாருக்கும் வேலை விழாமல் திட்டம் தானே சுற்றிக்கொண்டு போய்விடும். பெங்களூர்க்காரர்கள் யாருக்கும் இது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

ஏன் நான் போட வேண்டும், அவர்களே லீவு எழுதிக் கொடுக்கலாமே என்று கேட்கலாம். எழுத மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. சுரங்கம் ஓடிய நாளில் என் அப்பா ஷிப்ட் முடிந்து மேலே வரும்போது மேஸ்திரியிடம் “நாளைக்குக் கல்லறை” என்று ஒரு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். மேஸ்திரியும் அங்கேதான் வருவார். சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகியும், பிழைப்பு பெங்களூருக்குப் போன பிறகும், அந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஆட்கள் மாறவில்லை. லீவு லெட்டர் என்பது காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும்தான். செத்தவர்களைப் பார்க்கப் போவதற்கு லெட்டர் எழுதி அனுமதி கேட்பதா? வாயால் சொன்னால் போதும் என்று நினைக்கிறவர்கள். எதிராளியும் அப்படியே நினைப்பான் என்று நம்புகிறவர்கள்.

அந்த வருஷம் இது என்றைக்கும் இல்லாத அளவு முக்கியமாக இருந்தது. எங்கள் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மனைவியை இழந்திருந்தார். கேஜிஎஃப்பில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் வீடு. அண்ணி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவர் ஒரு சைட்டையும் விடாமல், காலை ரயிலில் வந்து, மாலை ரயிலில் திரும்பி, இறங்கியதும் நேராக வார்டுக்குப் போனவர். கடைசியில் அண்ணி கண்ணை மூடியபோதும் அவர் ரயிலில்தான் இருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லி அழவில்லை. ஆனால் கல்லறைத் திருநாளைப் பற்றி மட்டும் ஆகஸ்டிலிருந்தே ரயிலில் பேசத் தொடங்கிவிட்டார்.

எங்கள் பக்கம் முதல் வருஷக் கல்லறைக்குத் தனி முறை உண்டு. சாயங்காலம் ஃபாதர் கல்லறை கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அப்போது புருஷனுக்குப் பெண்டாட்டியும் பெண்டாட்டிக்குப் புருஷனும் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துத் தலைமாட்டில் நிற்க வேண்டும். அடுத்தடுத்த வருஷங்களில் யார் நின்றாலும் சரி, முதல் வருஷம் அவர்தான்.

“அவ போவும்போது பக்கத்துல இல்ல. அன்னிக்காவது நிக்கணும்மா” என்றார் அண்ணன். “இன்னா வந்தாலும் நிக்கணும்.”

“நிப்பீங்கண்ணா. நான் கீறேன் இல்ல, உங்க நாள அடைச்சு வெச்சிடறேன்” என்று நானும் சொன்னேன். அப்போது என்னிடம் பழைய வெர்ஷன் இருந்தது.

செப்டம்பரில் அது போயிற்று. அதைச் செய்த கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்களில் அது ஏறவே இல்லை. முதலாளிக்கும் எல்லாம் ஃபோனில் தெரிய வேண்டும் என்று ஆசை. விற்பனைக்காரர் ஒருவரை வரவழைத்தார். ஓசூர்ப் பையன், இஸ்திரி போட்ட சட்டை, சிரிப்பு மட்டும் குறையாது. ஒரே மென்பொருளின் மூன்று வெர்ஷன்: பேசிக், ஸ்டாண்டர்டு, ப்ரீமியம். மூன்றையும் சோதனைக்கு வாங்கி ஓட்டிப் பார்த்து எது நமக்குச் சரி என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் விளையாட்டுக்குச் செய்யவில்லை. ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு உள்வேலை நடந்துகொண்டிருந்தது. அதே வேலையை, அதே ஆட்களோடு, மூன்று வெர்ஷனிலும் தனித்தனியாகப் போட்டேன். பிறகு வேண்டுமென்றே டைல்ஸ் வருவது தாமதம் என்று ஒரு தேதியைத் தள்ளினேன். ப்ரீமியத்தில் அதன் பின்னால் வரவேண்டிய எல்லா வேலையும் வரிசையாக நகர்ந்தது, ஆட்களுக்குச் செய்தியும் போனது, போதாததற்கு முதலாளிமார் ரசிப்பதற்கென்று கலர் கலராக வட்டம் வேறு போட்டது. ஸ்டாண்டர்டில் வட்டம் இல்லை, மற்றதெல்லாம் நடந்தது. பேசிக்கில் நான் தள்ளிய அந்த ஒரு வரி மட்டும் நகர்ந்தது. டைல்ஸே வராத தரையில் பல் டாக்டரின் நாற்காலியைப் பொருத்துவதற்கு ஆளை அனுப்பச் சொல்லிக்கொண்டு மற்ற வரியெல்லாம் இருந்த இடத்திலேயே நின்றது. இன்னொரு கொடுமை, பேசிக்கில் ஃபோனில் அவரவருக்கு அவரவர் வேலை மட்டும்தான் தெரியும். முழுத் திட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத்தான் வர வேண்டும். அதோடு அந்த நட்சத்திரம்.

இதையெல்லாம் எழுதி, பேசிக் நமக்கு உதவாது, ஸ்டாண்டர்டு போதும், ப்ரீமியம் வேண்டாம் என்று முடித்துக் கொடுத்தேன். முதலாளி என் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு விற்பனைக்காரரின் பளபளத் தாளைக் கையில் எடுத்தார். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

“மேடம், மூணுலயும் டிக் இருக்குதே. அப்புறம் சும்னே எதுக்குப் பெரிசு?”

“டிக்குக்கு மேல ஸ்டார் இருக்குது பாருங்க சார். ஆளுக்கு ஆள் லீவு போட முடியாது அதுல.”

விற்பனைக்காரர் சிரித்தார். “அது ஒரு சின்ன லிமிட்டேஷன் மேடம். லீவை நீங்க மெசேஜ்ல சொல்லிக்கலாமே.”

“மெசேஜ்ல சொல்லிக்கறதுக்கு எதுக்குத் தம்பி உங்க சாஃப்ட்வேர்? மெசேஜே போதுமே, நீங்க வீட்டுக்குப் போங்க.”

முதலாளி கையை உயர்த்தி என்னை அமர்த்தினார். கோபக்காரக் குழந்தையைச் சமாதானம் செய்கிறவர் மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டார் பாருங்கள், அந்த முகம்தான் எனக்கு ஆகவே ஆகாது. “ஆறு மாசம் பேசிக் ஓட்டலாம் மேடம். சின்னச் சின்ன லீவெல்லாம் நான் பார்த்துக்கறேன். நான் இருக்கேன் இல்ல?” என்றார். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த ஒப்பீட்டுக்கு அவர் செலவழித்த நேரம், டீ ஆறுவதற்கு ஆகும் நேரம்.

நான் அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் நான் அடைத்துவைக்க முடியாது, நீங்களே முதலாளியிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

“எழுதறதுக்கு இன்னாம்மா கீது? அவரும் மனுசன்தானே. வாய்ல சொன்னா புரியாதா?”

அன்றைக்கே போய்ச் சொன்னார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. மனைவி போனது, முதல் வருஷம், சாயங்காலம் தலைமாட்டில் நிற்க வேண்டியது எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டு, “ஆய்த்து அண்ணா, ஆய்த்து. போயிட்டு வாங்க” என்றார். அண்ணன் வெளியே வந்து என்னைப் பார்த்து, ‘பார்த்தாயா’ என்பது போலத் தலையை ஆட்டினார். முதலாளி அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மனசாரச் சொன்னதை அடுத்த நிமிஷம் மறந்துபோவதுதான் அவருக்குக் கைவந்த கலை.

எனக்கு நம்பிக்கை இல்லை. பேசிக்கில் லீவு போட முடியாது என்றால், வேலை போடலாம் அல்லவா? அண்ணன் அப்போது வேலை செய்த சைட்டின் திட்டத்தில், நவம்பர் இரண்டாம் தேதிக்கு அவர் பேரில் நாள் முழுக்க ஒரு பொய் வேலையை ஏற்றினேன். அதற்குப் பெயர் வைக்க வேண்டுமே. திட்டத்தின் நகல் கஸ்டமருக்கும் போகும், அவர் பார்த்தாலும் புரியக்கூடாது என்று தமிழில் ‘கல்லறை’ என்று அடித்தேன். என் போதாத காலம், அந்த சைட்டின் கஸ்டமர் மேனேஜர் சேலத்துக்காரர். “உங்க திட்டத்துல கல்லறைன்னு ஒரு வேலை இருக்குதே, யாருக்குங்க?” என்று முதலாளிக்கு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கிறார்.

முதலாளி பதறிப்போய் என் மேசைக்கு வந்தார். “இன்னா மேடம் இது? கஸ்டமர் சைட்ல போய் கல்லறை கில்லறைன்னு! அபசகுனம் இல்லையா?” என்று சொல்லிக்கொண்டே என் மவுசைப் பிடுங்கி, தன் கையாலேயே அந்த வரியை அழித்தார். “சார், வேற பேர் வெச்சுடறேன், அந்த நாளை மட்டும் விட்டுடுங்க” என்று கெஞ்சினேன். நான் கெஞ்சினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். “வேணாம். நான்தான் அவருக்கு ஓகே சொல்லிட்டேனே. எனக்கு ஞாபகம் இருக்கும்” என்றார். அழித்த இடத்தில் அந்த நாள் வெறுமையாக, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது போலக் கிடந்தது. அடுத்த வாரம் அந்த சைட்டை ஒப்படைக்கும் தேதியை முதலாளி தானே கம்ப்யூட்டரில் ஏற்றினார்: நவம்பர் இரண்டு. அதற்கான ஃபயர் அலாரம் சோதனை யார் பேரில்? அன்று சும்மா இருக்கிற ஆள் யார் என்று பேசிக் காட்டியதோ அவர் பேரில். அண்ணன் பேரில்.

நான் போய்க் கத்தினேன். “அட, டெஸ்ட்டை முந்தின நாளே முடிச்சிடச் சொல்லலாம். பேர் மட்டும் அங்க இருக்கட்டும்” என்றார். அண்ணன் முந்தின நாளே, தனியாளாக ஏணி ஏறி, சோதனையை முடித்துவிட்டுத்தான் ரயில் ஏறினார். முடித்ததாக ஃபோனில் குறிக்கவும் பார்த்தார். பேசிக், நாளைய வேலையை இன்றைக்கே முடிந்ததாகக் குறிக்க விடாது. நாளைக்குத்தான் குறிக்கலாம் என்றது. சரி, காலையில் கல்லறையிலிருந்தே அழுத்திக்கொள்கிறேன் என்றார்.

திருநாள் அன்று காலையில் கல்லறைத் தோட்டத்தில் ஜே ஜே என்று கூட்டம். பெங்களூர், ஓசூர், சென்னை என்று போனவர்களெல்லாம் வந்திருந்தார்கள். எங்கள் அப்பா கல்லறையும் அண்ணியின் கல்லறையும் ஒரே வரிசையில்தான். அண்ணன் விடியும்போதே வந்துவிட்டார். சுண்ணாம்பு அடித்து முடித்து, சிலுவைக்கு வெள்ளிப் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தார். நர்சிங் படிக்கிற அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாமந்தி உதிர்த்துக்கொண்டிருந்தாள். “உங்கம்மாவுக்கு மஞ்சள்தான் புடிக்கும், வெள்ளையை ஓரமாப் போடு” என்று அவளை அதட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவரைக் கொஞ்சம் தெளிவாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முடிந்ததாக அழுத்த அவர் இன்னும் ஃபோனை எடுத்திருக்கவில்லை. அப்போது ஃபோன் வந்தது. முதலாளி. அவர் வீட்டில் காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டே ஃபோனைத் திறந்திருக்கிறார். முழுத் திட்டத்தைக் காட்டாவிட்டாலும், தொடங்காத வேலைக்கு மட்டும் பேசிக் முதலாளி ஃபோனுக்கு எச்சரிக்கை அனுப்பும். அண்ணன் பேருக்கு நேரே சிவப்பு: வேலை தொடங்கப்படவில்லை. அண்ணன் எழுந்து நின்று பேசினார். “முடிச்சிட்டேன் சார்... நேத்தே... இல்ல சார், சொல்லி இருந்தேனே சார்... கல்லறை சார்...” அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அண்ணன் முகம் அப்படியே விழுந்துபோயிற்று.

“இன்னாண்ணா?”

“கஸ்டமர் முன்னாடி ஒருவாட்டி ஓட்டிக் காட்டணுமாம். ஆள் வந்து நிக்கப் போறாங்களாம். இன்னிக்கு நான் இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்னு சொல்றாரு.”

“சொன்னா சொல்லிட்டுப் போறாரு! நீங்க போவாதீங்க. ஆய்த்து ஆய்த்துன்னு தோளத் தொட்டாரே, அது இன்னா ஆச்சாம்?”

“ஞாபகம் இல்லியாம்மா.”

நான் என் ஃபோனை எடுத்து முதலாளிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ‘மீட்டிங்கில் இருக்கிறேன்’ என்று தானியங்கிச் செய்தி வந்தது. தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு மீட்டிங்! திட்டத்தைத் திறந்து பார்க்கலாம் என்றால், என் ஃபோனில் என் வேலைகள் மட்டும்தான், அதுவும் அன்று ஒன்றும் இல்லை. நான் கொதித்துப்போய் அண்ணனிடமே பாய்ந்தேன்.

“இதுக்குத்தான் எழுதிக் குடுங்கன்னு தலதலயா அடிச்சிக்கினேன். இப்ப போனீங்கன்னா சாயங்காலம் திரும்பி வர முடியுமா? அண்ணிக்கு இன்னா பதில் சொல்வீங்க?”

“கத்தாதம்மா, பொண்ணு பாக்குது” என்றார் மெதுவாக. “அம்பது வயசுக்கு மேல ஆச்சு. இந்த வேலையும் போச்சுன்னா எவன் வாசல்ல போய் நிப்பேன்? அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு கீது.”

கையில் ஒட்டியிருந்த வெள்ளிப் பெயின்ட்டை மண்ணில் தேய்த்துத் துடைத்தார். மகள் எழுந்து வந்தாள். “அப்பா, ஃபாதர் வர்ற நேரத்துக்கு வந்துடுவீங்களா?” என்று கேட்டாள். “வந்துடறேன்” என்றார். பங்காரப்பேட்டை போய், அங்கிருந்து வண்டி பிடித்து, சைட்டுக்குப் போய்த் திரும்புவது நடக்காது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாசலில் நின்ற ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் ஃபாதர் வரிசை வரிசையாக வந்தார். அப்பா கல்லறையில் என் தம்பியை நிறுத்திவிட்டு நான் அந்தப் பெண்ணோடு போய் நின்றேன். மெழுகுவர்த்தியைத் தலைமாட்டில் அவள்தான் பிடித்தாள். காற்றில் அது அணையாமல் நான் கையைக் குவித்து மறைத்துப் பிடித்தேன். ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டு, “அப்பா எங்கம்மா?” என்று கேட்டார்.

“வேலைக்குப் போயிருக்காரு ஃபாதர்.”

ஃபாதர் ஒரு நிமிஷம் அவள் தலையில் கை வைத்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்டாட்டிக்கு முதல் வருஷம் நிற்காமல் வேலைக்குப் போனவன் என்று நாளைக்கு ஸ்கெலட்டன் முழுக்கப் பேசுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த நேரத்தில் முதலாளி என் எதிரில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலை ரயிலில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விடியும் முன்பே கல்லறைக்குப் போய்விட்டு வந்தாராம். “மெழுகெல்லாம் உருகிக் கெடந்துச்சு. சொரண்டி எடுத்துட்டு வந்தேன்” என்றார். சைட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

“ஒண்ணும் நடக்கல. கட்டடம் பூட்டிக் கீது.”

“பூட்டிக் கீதா?”

“வாட்ச்மேன் மட்டும்தான். இன்னிக்கு யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னாரு. நம்ம சாருக்கு ஃபோன் போட்டேன், எடுக்கல. ஒருவேளை வந்துட்டாங்கன்னா இன்னா பண்றதுன்னு சாயங்காலம் வரைக்கும் வாசப்படியிலயே உக்காந்திருந்தேன். பாவம், வாட்ச்மேன் டீ வாங்கிக் குடுத்தாரு.”

அவர் இதைச் சொன்ன விதம் இருக்கிறதே, ஒரு சொல்லில்கூடக் கோபம் இல்லை.

ஆபீசுக்குள் போனதும் பையைக்கூட வைக்காமல் முழுத் திட்டத்தைத் திறந்தேன். ஒப்படைப்புத் தேதி ஐந்தாம் தேதிக்கு மாறியிருந்தது. இரண்டு நாளைக்கு முன்பே கஸ்டமர் மெயில் போட்டிருக்கிறார், கணக்குப் பார்க்கிற பெண் அதைப் படித்து அந்த ஒரு வரியை மாற்றியிருக்கிறாள். அவள் செய்தது சரிதான். பேசிக் என்ன செய்தது? நான் எழுதிக் கொடுத்தேனே, அதையேதான். அந்த ஒரு வரி மட்டும் நகர்ந்தது. அண்ணனின் வரி இரண்டாம் தேதியிலேயே நின்று, காலையில் சிவப்பாகி, இட்லி தின்றுகொண்டிருந்தவரின் ஃபோனில் போய் மணியடித்தது. யாருமே வராத கட்டடத்தில், முந்தின நாளே முடித்துவிட்ட வேலைக்காக, ஒரு மனிதனைப் பெண்டாட்டி கல்லறையிலிருந்து எழுப்பி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

முதலாளியின் அறைக்குப் போய் அதைத் திரையிலேயே காட்டினேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். உதட்டைக் கடித்தார். “சே சே” என்றார். பிறகு முகம் மெல்லத் தெளிந்தது.

“நீங்க சொன்னது கரெக்ட் மேடம். ஸ்டாண்டர்டுக்குப் போயிடலாம். பணம் போட்ட பார்ட்னர்கிட்ட சொல்றதுக்கும் இப்ப ஒரு நல்ல ரீசன் கிடைச்சுது.”

“நல்ல ரீசனா சார்? அந்த மனுசனோட பொண்டாட்டி உங்களுக்கு நல்ல ரீசனா?”

“மேடம், நான் அப்படிச் சொல்ல வரலை...”

“வேற எப்படிச் சொல்ல வந்தீங்க? அந்த ஆள் உங்க மூஞ்சிக்கு நேரா வந்து சொன்னாரு. ‘ஆய்த்து’ன்னு நீங்க தோளத் தொட்டீங்க. நாள அடைச்சு வெச்சேன், உங்க கையாலயே அழிச்சீங்க. சாஃப்ட்வேர் மேல பழிய போடாதீங்க சார். அதுக்கு ஞாபகம் கெடையாது, சரி. உங்களுக்கு?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆபீசே எழுந்து நின்று பார்த்தது. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். நான் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஸ்டாண்டர்டு வந்தது. ஓசூர்ப் பையன் அதே சிரிப்போடு வந்து, மீட்டிங் அறையில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சுவரில் படம் காட்டினான். அண்ணன் பின்வரிசையில் இருந்தார். நாள்காட்டி பகுதி வந்ததும் முதலாளி முன்னால் குனிந்து அவன் காதில் எதையோ சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு அண்ணன் பேரைத் திறந்தான். “உதாரணத்துக்கு இந்த ரிசோர்ஸை எடுத்துப்போம்” என்று அடுத்த வருஷம் நவம்பருக்குப் போய், இரண்டாம் தேதியை ஒரு தட்டுத் தட்டினான். அந்தக் கட்டம் சாம்பல் நிறமானது.

“அவ்வளவுதான். இனிமே வருஷா வருஷம் சிஸ்டமே ஞாபகம் வெச்சுக்கும்.”

முதலாளி திரும்பி, முகமெல்லாம் மலர, “அண்ணா, இப்ப ஹேப்பியா?” என்று கேட்டார்.

அண்ணன் எழுந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறையில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. “அது அடுத்த வருஷம் சார்” என்றார். “அவளுக்கு மொத வருஷம் முடிஞ்சிபோச்சு. நான்தான் நிக்கணும், நிக்கல. அதுக்கு எதனா வெர்ஷன் கீதா?”

முதலாளிக்கு முகம் வெளுத்தது. விற்பனைக்காரப் பையனுக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரியும்.

“இருக்கு சார். பழைய தேதியையும் மார்க் பண்ணலாம்” என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு, முந்தின வாரத்து நவம்பர் இரண்டாம் தேதிக்குப் போய் அதையும் தட்டினான். அந்தக் கட்டமும் சாம்பல் நிறமானது. அதன் கீழே ஒரு சின்னப் பச்சை எழுத்து வந்தது: விடுப்பு அனுமதிக்கப்பட்டது.

நான் பாய்ந்து போய் ப்ரொஜெக்டர் ஒயரைப் பிடுங்கினேன். சுவர் இருண்டது, அவ்வளவுதான். ஸ்டாண்டர்டு எதையும் தட்டிய நொடியே சேமித்துக்கொள்ளும். அதை மாற்றும் அனுமதி முதலாளிக்கு மட்டும்தான். இரண்டு முறை கேட்டுவிட்டேன், “இனிமே மாத்தி என்ன மேடம் ஆகப்போகுது” என்கிறார். நவம்பர் இரண்டாம் தேதி அண்ணன் லீவில் இருந்தார் என்றுதான் இன்றைக்கும் அது காட்டுகிறது.